அது எங்கேயோ தூரத்தில்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டாவது மாதம். மந்தைவெளியில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. காலை ஆறரை மணி இருக்கும், காபி குடித்துக்கொண்டிருந்தேன். டேவராவும் டம்ளரும் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் மெதுவாக ஆடியது. சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, தலை சுத்தற மாதிரி இருக்கு" என்றாள். "உனக்கு இல்லை, பூமிக்கு" என்று சொல்லிவிட்டு மிச்சக் காபியைக் குடித்தேன். அந்தச் சிலேடையில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

ஏழு மணிக்கு மீன்காரம்மா வந்தார். சீனிவாசபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் தெருவுக்கு வருபவர். அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடகரையில், பட்டினப்பாக்கத்தை ஒட்டி இருக்கிறதே, அந்தக் குப்பம். கூடையை இறக்கி வைத்ததும் முதல் கேள்வியே, "சார், காலைல உங்க வூட்லயும் ஆட்டம் கண்டுச்சா? எங்க பக்கம் எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டாங்க. ஏதாச்சும் ஆவுமா?" என்பதுதான்.

நான் படித்தவன். அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். அவர் என்னைக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. "அது எங்கேயோ தூரத்துலம்மா. நமக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் பாறை ரொம்பப் பழசு, கெட்டி" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு, சங்கரா மீனை எடை போட்டுக் கொடுத்து, அடுத்த தெருவுக்குப் போனார். எட்டரை மணிக்குள் கூடை காலியாகிவிடும், பிறகு வீட்டுக்குத்தான் போவார் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பது மணியளவில் அலை வந்தது.

இருபது வருடம் ஆகிவிட்டது. அன்று நான் சொன்னதில் பொய் இல்லை. பூமி ஆடியது தூரத்தில்தான். நம் ஊர்ப் பாறை பழையதுதான், கெட்டியானதுதான். சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் சொன்ன மொத்தமும் தவறு. அது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் அடுத்த சில மாதங்கள் அண்ணா சாலையில் உள்ள தேவநேயப் பாவாணர் நூலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கே படித்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கெட்டிப் பாறை. 1958 வாக்கில் எங்கள் பூகோள வாத்தியார் பையன்களைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போனார். படியேறும் வழியில் ஒரு கரும்பாறையைக் கையால் தட்டி, "இதைவிடப் பழைய கல்லைத் தேடுவது கஷ்டம்" என்றார். அந்தக் கல்லுக்குச் சார்னாக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1693இல் இறந்தபோது, அவர் சமாதிக்கு இந்தப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்தான் போனது. இருநூறு வருடம் கழித்து தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ந்து அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். இன்று உலகம் முழுவதும் அந்த வகைக் கல்லுக்கு அதே பெயர். நம்மூர்க் கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி வருடம். வாத்தியார் சொன்னது சரி.

ஆனால் அந்தக் கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. நான் பள்ளியை விட்டது 1960இல். அன்றைய பாடப் புத்தகத்தில் கண்டங்கள் அசையாமல் நின்றன. ஆல்ஃபிரட் வெகெனர் என்ற ஜெர்மானியர் 1912லேயே கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லியிருந்தார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த காகிதத்தின் இரண்டு துண்டுகள்போலப் பொருந்துவதைக் காட்டினார். எந்த விசை நகர்த்துகிறது என்று கேட்டபோது அவரால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பெரிய விஞ்ஞானிகள் சிரித்தார்கள். 1930இல் கிரீன்லாந்துப் பனியில் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனார்.

பதில் கடலுக்கு அடியில் இருந்தது. 1950களில் அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணி, கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்துக் கடல் தரையைப் படமாக வரைந்தார். அட்லாண்டிக் நடுவே ஒரு நீண்ட மலைத்தொடரும், அதன் முதுகில் ஒரு பிளவும் தெரிந்தன. அந்தப் பிளவில் கீழிருந்து புதுப் பாறை ஊறி வருகிறது, கடல் தரை இரண்டு பக்கமும் விலகுகிறது என்று 1962இல் ஹாரி ஹெஸ் எழுதினார். 1967, 68இல்தான் தட்டுகளின் கோட்பாடு முழு வடிவம் பெற்றது. நான் பள்ளியை விட்டபிறகுதான் பூமி நகர ஆரம்பித்தது என்று பேத்தியிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கோட்பாடு சுருக்கமாக இதுதான். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பெரியவை ஏழெட்டு, சிறியவை பல என்று தட்டுகளாக உடைந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கனம். அவற்றின் கீழே இருக்கும் சூடான பாறை, திடமாக இருந்தாலும், கோடிக்கணக்கான வருடக் கணக்கில் குழைந்து நகரக்கூடியது. அதன்மேல் தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. சில இடத்தில் இரண்டு தட்டுகள் விலகும். சில இடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும். சில இடத்தில் நேருக்கு நேர் முட்டும். உலகின் நிலநடுக்கங்களிலும் எரிமலைகளிலும் பெரும்பாலானவை இந்த ஓரங்களில்தான் நடக்கின்றன.

நம் இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. நான் பிறந்து எண்பது வருடத்தில் கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், லஸ் முனை, பரங்கிமலை எல்லாமே என்னையும் சேர்த்துக்கொண்டு நான்கு மீட்டர் நகர்ந்திருக்கின்றன. நடுத்தட்டில் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரே ரயில் பெட்டியில் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் நகர்வதுபோலவா தெரியும்?

இந்தப் பயணம் பழையது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக ஒட்டியிருந்தன. அந்தப் பெருங்கண்டத்துக்குக் கோண்டுவானா என்று பெயர்; நம் மத்திய இந்தியாவின் கோண்டு மக்களின் நாட்டை வைத்து வந்த பெயர் அது. இன்று மெரினாவில் கடல் இருக்கும் பக்கத்தில் அன்று ஒட்டிக்கொண்டிருந்தது அண்டார்க்டிகா. 13 கோடி வருடங்களுக்கு முன் அது பிரிந்த இடத்தில் திறந்ததுதான் வங்காள விரிகுடா. நம் தலைமுறைக்குப் பழக்கமான லெமூரியா என்ற பெயரும் இங்கே நினைவுக்கு வரும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி உயிரினத் தடயங்கள் இருப்பது எப்படி என்று விளக்க, நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் சொன்ன யோசனை அது. நடுவில் கண்டம் மூழ்கவில்லை, இரண்டும் ஒட்டியிருந்து பிரிந்தன என்று தட்டுக் கோட்பாடு காட்டியதும் நிலவியலாளர்களுக்கு லெமூரியா தேவைப்படவில்லை.

பிரிந்து வடக்கே வந்த இந்தியா, ஏறத்தாழ 5 கோடி வருடங்களுக்கு முன் ஆசியாவில் முட்டியது. இமயமலை அந்த முட்டலில் எழுந்தது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. நம் தட்டுக்கு இமயமலை மட்டும் ஓரம் அல்ல. கிழக்கேயும் ஓர் ஓரம் இருக்கிறது. சாந்தோம் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஒட்டிக் கடலுக்கடியில் அது போகிறது. அங்கே நம் தட்டு வளைந்து, பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைந்து, பூமிக்குள் இறங்குகிறது. அங்கிருந்து தெற்கே சுமத்ரா, ஜாவா வரைக்கும் இதே கதை. பரங்கிமலைக் கல் உட்கார்ந்திருக்கும் அதே தட்டின் ஓரம்தான் அங்கே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

நுழைவது வழவழவென்று நடப்பதில்லை. ஐப்பசி மழையில் உப்பிப்போன மரக்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளினால் வராது. இன்னும் தள்ளுவோம், வராது. தோள் கொடுத்துத் தள்ளினால் திடீரென்று திறந்து நாமே உள்ளே போய் விழுவோம். அதுபோல இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நூற்றுக்கணக்கான வருடம் நிற்கும். அடித்தட்டு இறங்குவது நிற்காததால், மேல்தட்டின் விளிம்பையும் கூடவே கீழே இழுத்துக்கொண்டு போகும். மேல்தட்டு வில்போல வளையும். ஒருநாள் பிடி விடும். வளைந்த விளிம்பு துள்ளி எழும். அந்தத் துள்ளல்தான் நிலநடுக்கம்.

அன்று காலை நம் நேரப்படி 6 மணி 28 நிமிடம் கடந்து, சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் பிடி விட்டது. ஆனால் ஓர் இடத்தோடு நிற்கவில்லை. ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணிக்குக் கத்திரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பிறகு கையால் சரசரவென்று கிழிப்பார்களே, அப்படி வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் என்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. மொத்தமும் பத்து நிமிடத்துக்குள். சில இடங்களில் தட்டு 15 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் நின்றது. ரிக்டர் என்று நாம் சொல்லும் அளவுக் கணக்கில் 9.1.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு எண் கூடினால் வெளிவரும் ஆற்றல் ஒரு மடங்கு கூடுவதில்லை, 32 மடங்காகிறது. 2001 செப்டம்பர் 25ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு அருகில், புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நடுக்கம் வந்தது நினைவிருக்கிறதா? தி.நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். அது 5.5. நடுத்தட்டுக்குள்ளேயே பழைய பிளவு ஒன்று அசைந்ததால் வந்தது. அதற்கு அடுத்த வருடம் வெளியான நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. ஆக, கெட்டிப் பாறையும் முழுக்க அசையாதது அல்ல. சுமத்ரா நடுக்கம் அதைப்போல ஏறத்தாழ இரண்டரை லட்சம் மடங்கு ஆற்றல் கொண்டது. அதன் மிச்சம்தான் என் டேவராவைக் கிணுகிணுக்க வைத்தது.

கடல் தரை எழுந்தபோது மேலே இருந்த மொத்த நீரும் எழுந்தது. சாதாரண அலை காற்றால் வருவது. மேலே மட்டும் நீர் அசையும். இது தரை முதல் மேல்மட்டம் வரை அத்தனை நீரும் சேர்ந்து நகர்வது. இந்த அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. வங்காள விரிகுடாவின் 3,000 மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஆனால் நடுக்கடலில் உயரம் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு செயற்கைக்கோள் மேலே கடந்தபோது அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர். ஆழ்கடலில் படகில் இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. கரைக்கு வரும்போது ஆழம் குறைவதால் முன்னால் வரும் நீர் வேகம் குறைகிறது. பின்னால் வருவது இன்னும் வேகமாக வந்து ஏறுகிறது. பனகல் பார்க் சிக்னலில் முன் வண்டி நின்றதும் பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பதுபோல. அங்கே வண்டிகள் நீளத்தில் அடையும்; இங்கே நீர் உயரத்தில் அடைகிறது.

இன்னொரு விஷயத்தைக் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்து ஓடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. பிளவுக்கு அந்தப் பக்கம் தரை தாழ்ந்ததால் முதலில் நீர் இறங்கியது. நம் பக்கம் தரை எழுந்ததால் முதலில் வந்ததே அலைதான். உள்வாங்கியது அதற்கு அப்புறம். அதைப் பார்க்கப் போனவர்களை அடுத்த அலை எடுத்தது.

சத்தம் கேட்டு நான் பட்டினப்பாக்கம் போனபோது பத்து மணி ஆகிவிட்டது. படகுகள் இருக்கக் கூடாத இடத்தில் கிடந்தன. வலைகள் மின்கம்பங்களில் சுற்றியிருந்தன. எதிரே ஓடிவந்த கூட்டத்தில் மீன்காரம்மாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. சென்னையில் மட்டும் 206 பேர் என்று பிறகு அரசாங்கக் கணக்கு வந்தது. தமிழ்நாட்டில் 8,000 பேருக்கு அருகில். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினத்தில்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிறு அவர் வந்தார். கூடை புதிது. மாமியார் போய்விட்டாராம். வாசலில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்த கிழவி. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்தான் சொன்னார். "நீங்க சொன்னது சரிதான் சார். தூரத்துலதான். ஆனா வந்துடுச்சு." குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு நூலகத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது, இது முதல்முறை இல்லை என்பதுதான். 1881 டிசம்பர் 31ஆம் தேதி கார் நிக்கோபார் அருகே பெரிய நடுக்கம். அதில் எழுந்த அலையைச் சென்னை, நாகப்பட்டினம், விசாகப்பட்டினம் துறைமுகங்களில் வைத்திருந்த அலைமானிகள் காகிதத்தில் கோடாக வரைந்து வைத்திருக்கின்றன. அப்போது உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது மாதம் கழித்து, 1883 ஆகஸ்ட் 27ஆம் தேதி, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகடோவா எரிமலை வெடித்தது. அங்கே கரையோரங்களில் 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் அலையும் நம் துறைமுக அலைமானியில் பதிவானது.

அதே தட்டோரத்தில் எரிமலை எப்படி வந்தது என்று கேட்கலாம். உள்ளே இறங்கும் தட்டு கடலடியில் ஊறிக் கிடந்தது; தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் பிழிந்து வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் சேர்கிறது. வெறும் வாணலியில் வெல்லத்தைப் போட்டால் லேசில் இளகாது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் உடனே பாகாகும். அதுபோல நீர் பட்டதும் பாறை குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. உருகியது லேசானதால் மேலே ஏறுகிறது. அதனால்தான் தட்டு இறங்கும் கோட்டுக்கு இணையாக, சற்று உள்தள்ளி, எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. ஜாவா, சுமத்ரா எரிமலைகள் அந்த வரிசை. நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலையும் அதே வரிசைதான்: அந்தமானில் உள்ள பேரன் தீவு. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் கிழக்கே, ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கிவிட்டு 1991இல் விழித்தது. சுனாமிக்கு அடுத்த வருடமும் கக்கியது.

அந்த எரிமலைகளும் நம்மைத் தொடாமல் இல்லை. 74,000 வருடங்களுக்கு முன் சுமத்ராவின் டோபா வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜுவாலாபுரத்தில் இன்றும் படிவாகக் கிடக்கிறது. கிரகடோவா வெடித்த சில நாட்களில், 1883 செப்டம்பரில், சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. மிகையாகச் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அப்போது பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துக் கட்டுரையே எழுதினார். பிற்காலத்தில் கொடைக்கானல் வானாய்வகத்தை உருவாக்கியவர் அவர்தான். மேலே பரவிய எரிமலைத் தூசு சூரிய ஒளியை வடிகட்டிய விளைவு அது. பச்சைச் சூரியனை மயிலாப்பூரில் அண்ணாந்து பார்த்தவர்களில் எத்தனை பேர் அது எங்கிருந்து வந்தது என்று அறிந்திருப்பார்கள்? "எங்கேயோ தூரத்தில்" என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

நான் தந்தி இலாகாவில் 39 வருடம் வேலை பார்த்தவன். மோர்ஸில் தொடங்கி டெலிபிரிண்டரில் முடித்தவன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் புயல் எச்சரிக்கைத் தந்திகளை மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் அனுப்புவோம். துறைமுகத்தில் கூண்டு ஏறும். மீனவர்கள் படகை இழுத்துக் கட்டுவார்கள். புயலுக்கு அந்த ஏற்பாடு இருந்தது; இதற்கு இல்லை. பசிபிக் கடலுக்கு 1949 முதலே ஹவாயில் ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் உண்டு. அன்று சுமத்ரா நடுக்கத்தை அவர்கள் கண்டுபிடித்து, பதினைந்து நிமிடத்தில், அதாவது நம் நேரப்படி ஏழு மணிக்குப் பதினாறு நிமிடம் முன்பாகவே, அறிக்கை அனுப்பினார்கள். பசிபிக் கரைகளுக்கு ஆபத்து இல்லை என்பது அதன் சாரம். அவர்கள் பொறுப்பு பசிபிக். இந்தியப் பெருங்கடலுக்குச் சொல்ல யாரும் இல்லை. நான் மீன்காரம்மாவுக்குப் பதில் சொன்னபோது அந்த அறிக்கை போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அலைக்குச் சென்னை வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

பிறகு ஏற்பாடு வந்தது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடல் தரையில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள், துறைமுக அலைமானிகள் எல்லாவற்றையும் இரவும் பகலும் அங்கே பார்க்கிறார்கள். 1881இல் கோடு போட்டதோடு நின்ற அலைமானிக்கு, அந்தக் கோட்டைப் படித்து உடனே சொல்ல ஆள் கிடைத்தது 126 வருடம் கழித்து.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் இரண்டு மணி கடந்து சில நிமிடம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கட்டில் ஆடியது. இந்த முறை காலண்டரைப் பார்க்கவில்லை, சிலேடையும் வரவில்லை. கைபேசியை எடுத்து மீன்காரம்மாவைக் கூப்பிட்டேன். "எங்க இருக்கே? எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே எங்க வீட்டுக்கு வா. மொட்டை மாடி இருக்கு" என்றேன். எச்சரிக்கை வந்ததா, வருமா என்றெல்லாம் பார்க்கவில்லை. மூன்று மணிக்குள் பேரனும் மருமகளும் பக்கத்து வீட்டு இரண்டு பெண்களுமாக வந்துவிட்டார். இடுப்பில் ஒரு துணிப்பை. மாமியாரின் போட்டோ அதில் இருந்தது. என் மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஓடியது. மெரினாவில் ஆட்களை அப்புறப்படுத்தினார்கள்.

சாயங்காலம் வரை அலை வரவில்லை. எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். நடுக்கத்தின் அளவு 8.6. சாதாரணமானது இல்லை. "அம்மாம் பெருசுன்னு டிவில சொன்னானே, ஏன் சார் வரலை?" என்று கேட்டார் அவர். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் காட்டினேன். போன தடவை ஒன்று மற்றதற்கு அடியில் போய், மேலே இருந்தது துள்ளியது, தண்ணீரைத் தூக்கியது. இந்தத் தடவை பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனது. தரை மேலே எழவில்லை, அதனால் தண்ணீரும் எழவில்லை.

அவர் தன் இரண்டு கைகளையும் அப்படியே வைத்து, மெதுவாக உரசிப் பார்த்தார். பிறகு ஒன்றின் அடியில் மற்றதை நுழைத்துப் பார்த்தார்.

"அப்போ ஒரசினா வராது, முட்டினாத்தான் வரும். சரி சார், முட்டினா மட்டும் போன் பண்ணுங்க" என்றார்.

"ரெண்டுக்கும் பண்ணுவேன்மா. எதுன்னு தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள நீ மாடிக்கு வந்துடு" என்றேன்.